நாலு விரல் தடம்

பாக் டெராமானின் இடது காலை ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம். சனிக்கிழமை காலை அது காக் ஜாராவின் பலகாரக் கடைக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை அது எங்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் காக் ஜாரா கடை திறப்பதில்லை என்பது அந்தக் காலுக்கு இருபது வருஷமாகத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வெட்டி, மஞ்சள் பையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்ததை அவர் மனைவி மெக் சோம் மடியில் வைத்தபடி வேனில் ஊருக்குக் கொண்டுவந்தாள். குழிவெட்டும் அவாங் லே அதை இரண்டு முழம் வெள்ளைத் துணியில் சுற்றி, வாழைக்கன்று நடுகிற அளவுக்கு ஒரு குழி தோண்டி, மையவாடியின் கிழக்கு மூலையில் வைத்து மண் தள்ளினான். எங்கள் லுபோக் நிபா கிராமத்தில் அந்த இடத்துக்குக் கால்மூலை என்று பெயர். டெராமானுடையதையும் சேர்த்து அங்கே பதினோரு கால்கள் இருக்கின்றன, விரல்களை யாரும் எண்ணியதில்லை. எல்லாமே சர்க்கரை வியாதியில் போனவை. மற்ற பத்துக் கால்களும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

தடத்தை முதலில் கண்டது காக் ஜாராதான். மையவாடியில் தொடங்கி, பள்ளிவாசல் முற்றத்தைக் குறுக்கே கடந்து, தென்னைகளுக்கு நடுவே வந்து, அவள் கடையின் பின்பக்கம், அடுப்புக்கும் ஆற்றுக்கும் இடையில், ஈர மணலில் போய் நின்றிருந்தது. ஒற்றைக் கால் குதித்துக் குதித்துத்தானே போயிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. குதிக்கவில்லை. நிதானமான நடை, அடிக்கு அடி சரியான இடைவெளி. வலது கால் விழவேண்டிய இடத்தில் மட்டும் மணல் தொடப்படாமல் இருந்தது. சுண்டுவிரல் பதியவில்லை. இளவயதில் மீன்பிடிக்கப் போனபோது நங்கூரச் சங்கிலி கொண்டுபோன விரல் அது, ஊரில் அறியாதவர் கிடையாது.

“நாலே நாலு விரல். அவரோடதுதான்,” என்றாள் காக் ஜாரா, கூடியிருந்தவர்களிடம். “இங்கதான் நிப்பாரு, அடுப்புக்குப் பின்னாடி, ஆத்தைப் பார்த்துக்கிட்டு. அகோக் எட்டு, சுடச்சுட, நின்னுக்கிட்டே. ‘ஜாரா, நான் வந்தேன்னு எவன்கிட்டயும் மூச்சு விடாதே’ம்பாரு. நான் விட்டேனா? இருபது வருஷமா விடலையே! இப்ப அவரு காலே வந்து சொல்லுதுன்னா நான் என்ன பண்றது?”

அகோக் என்பது முட்டையும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் கலந்து, மேலும் கீழும் நெருப்பு வைத்துச் சுடுகிற பலகாரம். எட்டு அகோக்கை ஒரு மனிதன் தின்பதில் எங்கள் ஊரில் ஒரு அதிசயமும் இல்லை. மீன் குழம்புக்கே சர்க்கரை போடுகிறவர்கள் நாங்கள். சர்க்கரை விட்டுவைத்த இடத்தைக் கருவாடும், நெத்திலியை உப்பில் ஊறப்போட்டு எடுக்கிற புடுவும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம், இரண்டும் உள்ளவர்கள் இரண்டு பாதியிலும் உண்டு. தின்றது டெராமான் என்பதுதான் சேதி. அவர் இருபத்தேழு வருஷம் ஊர்க் கிளினிக்கில் உதவியாளராக இருந்தவர். விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பது, கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்ப்பது, பிறகு திட்டுவது, இந்த மூன்றும் அவர் வேலை. முதல் இரண்டுக்குத்தான் சம்பளம். திட்டுவது அவர் சொந்தப் பொறுப்பில் செய்த தர்மம்.

வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது எண்ணை உரக்கப் படிப்பார். எங்கள் பக்கத்துக் கருவியில் ஆறு என்றால் நல்லது, பத்து என்றால் கெட்டது, பதினைந்தைத் தாண்டினால் டெராமானின் குரல் சாலைக்குக் கேட்கும். “பதினாலு! கேட்டீங்களா எல்லாரும்? பதினாலு! உனக்கு இருக்கிறது வாயா, குப்பைத்தொட்டியா?” என்பார். இந்த வியாதி முதலில் கண்ணைத் தின்னும், அப்புறம் சிறுநீரகத்தை, அப்புறம் காலை என்று விரல் விட்டு எண்ணுவார். அழுத்தம் சத்தம் போடாது, ஒரு நாள் காலையில் வாயைக் கோணலாக்கிப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும் என்பார். அத்தனையும் உண்மை. கால்மூலையில் கிடக்கும் மற்ற பத்துக் கால்களில் ஏழு அவரிடம் திட்டு வாங்கியவை. அந்த ஏழு பேரும் வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார். அப்போது தனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியதையும் அவர் அறிவார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த டெராமானுக்குச் சேதி கொண்டுபோனது அவாங் லே. பழம் வாங்கிப் போனான். என்ன பழம் கொடுக்கலாம் என்று தெரியாமல் தானே தின்றுகொண்டு பேசினான். ஞாயிற்றுக்கிழமை கால் பக்கத்து ஊர் டீக்கடைக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை, கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற கொட்டகையின் பின்வாசலில், பாயசச் சட்டி கழுவும் இடத்தில் நின்றிருந்தது.

“டீக்கடைக்காரன் சொல்றான், கெட்டிப்பால் ரெண்டு மடங்கு, தினம் மூணு கிளாஸாம். ‘சும்மா சொல்லாதடா, பாக் டெராமான் அப்படிப்பட்ட ஆளில்ல’ன்னு நான் சண்டைக்கே போயிட்டேன்,” என்றான் அவாங் லே. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நெசமா?” என்று கேட்டான்.

டெராமான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லாத காலின் கட்டைவிரல் அரித்தது. மண் ஒட்டியிருப்பது போலவும் இருந்தது. அவாங் லே போன பிறகு, கால் போன இடங்களை அவர் மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தார். அகோக் சின்ன வெட்கம். பக்கத்து ஊர் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய்க் குடித்த டீ அதைவிடக் கொஞ்சம் பெரிது. கல்யாண வீட்டில் அடுத்தவன் சட்டியை வழித்தது இன்னும் பெரிது. கால் சின்னதிலிருந்து பெரியதற்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படிப் போனால் கடைசியாக எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு விளங்கியபோது, உடம்பெல்லாம் வியர்த்து, நர்ஸ் ஓடிவந்து அழுத்தம் பார்த்தாள். இருநூறைத் தொட்டிருந்தது.

அந்தக் கடைசி இடம் அவர் வீட்டு ஜன்னல். ஓய்வு பெற்ற மறுவருஷம் கிளினிக்கில் அவருக்கும் சர்க்கரை என்று கண்டு, பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை வீட்டில் பார்த்து எண்ணை எழுதிக் கொண்டுவர வேண்டும். மற்றவர்களுக்குக் கிளினிக்கிலேயே பார்ப்பார்கள், டெராமானுக்கு மட்டும் அந்த மரியாதை. முதல் திங்கட்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து தன் விரலைக் குத்தினார். பதினைந்து புள்ளி எட்டு. அந்த எண்ணை அவர் எத்தனையோ பேருக்கு உரக்கப் படித்திருக்கிறார். புத்தகத்தில் எழுதக் கை வரவில்லை. கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாற்பது முகங்களும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் இருந்தது. அப்போது மெக் சோம் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். “வா, உன்னோடதையும் பார்த்துடுவோம்,” என்றார். ஐந்து புள்ளி ஆறு வந்தது. அதைத் தன் புத்தகத்தில் எழுதினார். எண் பொய்யில்லை, விரல்தான் வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. ஒவ்வொரு திங்களும் மெக் சோம் விரலை நீட்டுவாள், அவர் குத்துவார், “நல்லாயிருக்கு, மகாராணி மாதிரி இருக்கே” என்பார், அவள் வெட்கத்தோடு சிரிப்பாள். தன் உடம்பின் மேல் புருஷனுக்கு இவ்வளவு அக்கறை என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி ரொஹானிக்கு விரல் குத்தக் கற்றுக்கொடுத்ததே டெராமான்தான். அவள் அந்தப் புத்தகத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, “பாக் டெராமானைப் பாருங்க, எண்ணு ஆடுதா பாருங்க” என்று சொல்லி முத்திரை குத்துவாள். கையில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் நாள் வந்தால் மட்டும் அவருக்கு வெளியூரில் சாவு விழும். அந்த ஆறு வருஷத்தில் அவருடைய பெரியப்பா மூன்று தடவை இறந்தார்.

நான்காவது வருஷம் மெக் சோமின் எண் ஏறத் தொடங்கியது. ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. முதல் முறை டெராமான் பயந்துபோய் இரண்டு தடவை குத்திப் பார்த்தார். அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனால், எப்போதிருந்து என்று கேட்பார்கள், வீட்டில் பார்த்ததே இல்லையா என்பார்கள், வாரம் தவறாமல் பார்க்கிறாரே என்று அவள் சொல்லிவிடுவாள், பச்சைப் புத்தகத்தைத் திறப்பார்கள். அடுத்த வாரம் குறையும் என்று காத்திருந்தார். அவள் டீயில் சொல்லாமல் சர்க்கரையைக் குறைத்தார். கசக்கிறதே என்று அவள் மறுபடி அள்ளிப் போட்டுக்கொண்டாள். பதினாறு வந்த நாளிலும் “மகாராணி” என்றுதான் சொன்னார், புத்தகத்தில் ஆறு புள்ளி ஒன்று என்று எழுதினார். அந்தப் பயமும் நாலு வாரத்தில் பழகிவிட்டது. மனிதன் எதற்கு வேண்டுமானாலும் பழகிக்கொள்வான் என்பதை எங்கள் ஊரில் டெராமானை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். அவள் ஊசியில் நூல் கோர்க்கத் திணறுவதையும், மீனைச் செதிலோடு குழம்பில் போட்டுவிடுவதையும் பார்த்தார். “வயசாச்சு அபாங்,” என்பாள் அவள், எங்கள் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற வார்த்தையில். “ஆமா, வயசாச்சு,” என்பார் அவரும்.

கால் போன கதை சின்னதுதான். கூரைத் தகர ஆணி ஒன்று வெறும் பாதத்தில் ஏறியிருந்தது; உணர்ச்சி செத்த பாதம் ஆனதால் நாலு நாள் அதோடேயே நடந்தார். வீட்டுக்குள் நடக்கும்போது பலகையில் டக் டக் என்று கேட்கிறதே, பல்லியா என்று மெக் சோம்தான் கேட்டாள். ஆணியைப் பிடுங்கிய பிறகாவது கிளினிக்குக்குப் போயிருக்கலாம். இத்தனை வருஷம் ஆறு புள்ளி ஒன்று எழுதியவனுக்குப் புண் ஏன் ஆறவில்லை என்று ரொஹானி கேட்டால் என்ன சொல்வது? காலுறை போட்டு மறைத்தார். பள்ளிவாசலில் நாலு பேர் முன்னால் கால் கழுவ வேண்டியிருக்குமே என்று வீட்டிலேயே ஒளு செய்துகொண்டு போனார். வாடை வந்தபோது அத்தர் பூசினார். தொழுகை வரிசையில் அவருக்குப் பக்கத்து இடம் ஒவ்வொரு நாளும் காலியாகிக்கொண்டே வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்கிறவர் எப்போதும் அவர்தான்.

ஒன்பதாம் நாள் ஊன்றுகோல்களோடு ஊர் திரும்பினார். ஆற்றோர மண்டபத்தில் வழக்கம்போல் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் பாக் ஜூசோவின் வலது கால் ஏழு வருஷமாகக் கால்மூலையில் கிடக்கிறது. குப்பைத்தொட்டி என்று பெயர் வாங்கிய வாய் அவருடையதுதான். வேன் நின்றதும் அவர் கைதூக்கி சலாம் சொன்னார்.

“உங்க கால் நல்லா நடக்குது, பாக் டெராமான். சுறுசுறுப்பு. என்னோடது பாருங்க, சோம்பேறி, போட்ட எடத்துலயே கிடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். வன்மமில்லாத சிரிப்பு, இருபத்தேழு வருஷம் வாங்கியதில் ஒரு கைப்பிடி திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். டெராமானுக்கு அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. இது வெறும் அகோக்கோடு போகிற விஷயம் என்று அவர்கள் நினைத்துச் சிரிக்கிறார்களே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

அன்று மாலையே அவாங் லேயைக் கூப்பிட்டு, குழிமேல் பெரிய கல்லாக ஒன்று வை என்றார். “வெச்சுப் பார்த்தாச்சு,” என்றான் அவன். “கல்லைச் சுத்திக்கிட்டுப் போகுது. மரியாதையான கால்தான், மிதிக்கலை. நேத்து கிளினிக்குக்குப் போச்சு. முத்திரை குத்துற மேசைக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னிருக்கு போல, தரை ஈரமாயிருச்சு. ஏன் அங்க போச்சுன்னு மிஸ்ஸிக்கே புரியலை.”

மறுநாளிலிருந்து டெராமான் விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் எழுந்து, ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் ஈர்க்குமாறுமாக, மையவாடியிலிருந்து தன் வீட்டுக்கு வரும் பாதையைக் கூட்டத் தொடங்கினார். வழி தெரியாமல் கால் வேறெங்காவது போய்விடும் என்று அவருக்கு ஒரு நப்பாசை. இரண்டு தடவை விழுந்தார். மெக் சோமிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். அவள் கட்டுப் பிரித்து மருந்து வைக்க, இல்லாத காலைக் கையால் துழாவித் தேடும்போது, “இன்னும் கொஞ்சம் மேல,” என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் கால் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சாரல் விழுந்துகொண்டிருந்தபோது வந்தது. காக் ஜாராவும் அவாங் லேயும் பாக் ஜூசோவும் இன்னும் இருபது பேரும் மணலில் ஒவ்வொரு தடமாகப் பதிவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். வீட்டுப் படிக்கட்டின் கீழே, கால் கழுவத் தண்ணீர் வைத்திருக்கும் சாடியின் அருகில் கொஞ்ச நேரம் நின்றது. சாடியில் நீர்மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியது. பிறகு ஐந்து படிகளையும் ஏறி, பலகைத் தரையைக் கடந்து, ஜன்னலோரம் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த மெக் சோமின் எதிரில், விரல்கள் அவளைப் பார்க்க, நின்றது. நீண்ட ஈரத்தடம் ஒன்று. அவள் கல்லை முறத்தில் விட்டு அரிசியைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

“கீழ என்ன அபாங், இவ்ளோ சத்தம்? யாரு வந்திருக்கா?” என்று கேட்டாள்.

“தரையில பாரு,” என்றார் டெராமான்.

“எங்க?”

“உன் முன்னாடிதான்.”

அவள் முகத்தைத் தாழ்த்தி இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள். சாலையில் நின்ற இருபது பேருக்கும் கதவு வழியாகத் தெரிந்த தடம் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு உள்ளங்கையால் பலகையைத் தடவினாள். ஈரம் பட்டதும் விரல்களைத் தேடி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வாய்க்குள் எண்ணினாள்.

“உங்க கால்தான்,” என்றாள். “வந்துடுச்சா? எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் ஏன் அபாங் தெரியலை?”

வயதாகிவிட்டது என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். டெராமான் ஊன்றுகோல்களைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், அந்தத் தடத்துக்கு இந்தப் பக்கம். ஆறு வருஷத்தையும் சொன்னார். யாருடைய விரல், யாருடைய புத்தகம், எப்போதிலிருந்து ஏறியது, அவர் என்ன எழுதினார் என்று ஒன்றையும் விடாமல், கிளினிக்கில் எண் படிப்பது போலத் தட்டையான குரலில் சொன்னார். சொல்லி முடித்தபோது மெக் சோம் தன் இடது கை விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறு குத்து அங்கே இருந்தது.

“அதிகமா எவ்வளவு வந்துச்சு?”

“பதினாறு.”

“எப்ப?”

“போன வருஷம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம்.”

“அன்னிக்கு என்ன சொன்னே?”

அவர் ஊன்றுகோலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மகாராணி மாதிரி இருக்கேன்னு சொன்னே,” என்றாள். “அந்தச் சந்தோஷத்துல ரெண்டு அகோக் கூடுதலாத் தின்னேன், டெராமான்.”

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அபாங் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து போய்விட்டது, அத்தனை பேரும் கேட்டார்கள். அவருக்குக் கால் வெட்டியபோதுகூட அப்படி வலிக்கவில்லை. அவள் கையை நீட்டினாள்.

“குத்து. மொதல்ல உன்னோடது, அப்புறம் என்னோடது. எனக்கு மட்டும் சொல்லாத. கிளினிக்ல எல்லாரோடதையும் எப்படிப் படிச்சே? அப்படிப் படி.”

தன் விரலை ஆறு வருஷத்தில் இரண்டாவது முறையாகக் குத்தினார். “பதினேழு புள்ளி மூணு,” என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். பிறகு அவள் விரல். கருவியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதே சத்தத்தில், “பத்தொன்பது புள்ளி எட்டு,” என்றார். பாக் ஜூசோ சிரிக்கவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டெராமானுக்கு அந்த நிமிஷத்தில் கால்மூலையில் மீதி உடம்பையும் கொண்டுபோய் வைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. உயிரோடு வைக்க அவாங் லே வரமாட்டான், அதனால் அவளைக் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனார்.

மிஸ்ஸி ரொஹானி பச்சைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தன் முத்திரைகளைப் பார்த்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மெக் சோமின் கையில் பட்டை சுற்றினாள். அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. வலது கண்ணின் பின்னால் ரத்தம் கட்டி அது பயனற்றுப் போயிருந்தது. இடது கண்ணில் பாதிப் பார்வையைப் பெரிய ஆஸ்பத்திரியில் லேசர் வைத்துத் தக்கவைத்தார்கள். இரண்டு மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் இரண்டையுமே காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது டெராமான் அறையில்தான் இருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஜொகூரிலிருந்த மகள்கள் இருவரும் வந்து கூப்பிட்டும் போகவில்லை. பாயை மட்டும் சமையல்கட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டாள். சோறு வைத்தாள், மருந்து கேட்டாள், அவரோடு வேறு பேச்சில்லை. கால் தினமும் காலையில் வந்தது, அதோடு பேசினாள். “வந்துட்டியா? கழுவிட்டு ஏறு, நேத்து சேறாக்கிட்டுப் போயிட்டே,” என்பாள். எறியாமல் வைத்திருந்த இடது செருப்பை எடுத்துப் படிக்கட்டின் கீழே வைத்தாள். காலையில் பார்த்தால் அதில் புதுமண் ஒட்டியிருக்கும். ஏன் அந்தக் காலுக்கு இவ்வளவு உபசாரம் என்று காக் ஜாரா கேட்டதற்கு, “இந்த வீட்டுல யோக்கியமா இருந்தது அது ஒண்ணுதான்,” என்றாள். டெராமான் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அதில் மறுப்பில்லை.

கிளினிக் நாட்களில் கால் முன்னால் போகும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று மிஸ்ஸி கண்டித்திருந்ததால் மெக் சோம் செருப்பு மாட்டிக்கொண்டு, மூங்கில் குச்சியால் தடத்தின் பள்ளத்தைத் தட்டித் தட்டிப் பின்தொடர்வாள். ஒரு நாளும் பள்ளத்தில் விழுந்ததில்லை, மாட்டுச்சாணத்தை மிதித்ததில்லை. அவளுக்கு மூன்றடி பின்னால் டெராமான் ஊன்றுகோல்களில் வருவார். கையைப் பிடிக்க அவருக்கு அனுமதி இல்லை. கேட்கவும் அவர் துணியவில்லை. திங்கட்கிழமை தோறும் ஜன்னலில் நின்று முதலில் தன் எண்ணையும் பிறகு அவள் எண்ணையும் கத்துவார். முதல் வருஷம் ஊர் சங்கடத்தோடு கேட்டது. இரண்டாம் வருஷம் மீன்காரன் கானாங்கெளுத்தி விலை சொல்லும் நேரமும் இதுவும் ஒன்றாக வர, இரண்டையும் சேர்த்தே கேட்டுப் பழகினோம். மூன்றாம் வருஷம் பாக் ஜூசோ தன் வீட்டு ஜன்னலிலிருந்து “ஒன்பது புள்ளி ரெண்டு, போங்கடா!” என்று பதில் கத்தினார். அப்புறம் இன்னும் சிலர். கால்மூலைக்கு அதற்குப் பிறகு இரண்டு கால்கள் வந்தன. இரண்டும் பேசாமல் படுத்திருக்கின்றன.

ஆறாவது வருஷம், மழைக்காலத் திங்கட்கிழமை ஒன்றில், ஆறு கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. டெராமானுக்கு இதயம் களைத்திருந்தது, பாதங்கள் இருந்திருந்தால் இரண்டும் வீங்கியிருக்கும், ஒன்றுதான் வீங்கியிருந்தது. தன் எண்ணைச் சொல்லிவிட்டு அவள் விரலைக் குத்தினார். ஏழு புள்ளி ஒன்பது. ஒன்பது வருஷத்தில் அவள் எண் அவ்வளவு இறங்கியதில்லை. இரண்டு முறை பார்த்தார். முன்பு பொய்யாகச் சொன்ன வாயால் உண்மையாகவே நல்ல எண்ணைச் சொல்ல வேண்டிவந்தபோது அவருக்குக் கூச்சமாக இருந்தது. தானே நம்பாதவர் போல முணுமுணுத்தார்.

மெக் சோம் பாதிக் கண்ணை அவர் பக்கம் திருப்பினாள். “சத்தமா சொல்லுங்க, அபாங்,” என்றாள். “மழை பெய்யுது, கீழ கேக்காது.”

டெராமான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே குடை பிடித்து நின்ற காக் ஜாரா, கருவி கெட்டுப்போய்விட்டது போல என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள், அவ்வளவு நேரம் ஒரு குரலும் வரவில்லை. பிறகு அவர் கத்தினார், ஏழு புள்ளி ஒன்பது என்று, ஆற்றுக்கு அக்கரையில் கேட்கிற மாதிரி. படிக்கட்டின் கீழே சாடியருகில் கால் கழுவிக்கொண்டிருந்தது. அன்று சேறு அதிகம், மேலே ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது.